தேர்மோஸ்ரற்றைக் கழட்டி எறியாதேங்கோ

போன மாசம் காரில அம்மாவையும் ஏத்திக்கொண்டு வவுனியாக்கு வெளிக்கிட்டன், ஆனையிறவு தாண்டிப் பரந்தன் வரேல்ல, அதுக்குள்ள எஞ்சின் சூட்டைக் காட்டுற ஊசி சிவப்புக்குக் கிட்டப் போட்டுது. ஏசியை நிப்பாட்டி, எஞ்சின் சூட்டை இழுக்க ஹீற்றரை முழுசாத் திருகிவிட்டு (அந்த வெயிலுக்க ஹீற்றர், அம்மா ஏசின ஏச்சு!) ஒரு மர நிழலில ஓரங்கட்டினன். றேடியேற்றர் மூடியைத் திறக்கேல்ல, சூட்டோட திறந்தா மூஞ்சை வெந்திடும்.

றேடியேற்றர் பான் (விசிறி) சுத்தேல்ல. அப்ப பான்தான் பழுது எண்டு நினைச்சு அடுத்த நாள் பான் சுவிச்சை மாத்தினன், காசு போனதுதான் மிச்சம். பிறகுதான் ஹோஸைத் தொட்டுப் பாத்தன், மேல் ஹோஸ் கொதிக்குது, கீழ் ஹோஸ் வெதுவெதுப்புக்கூட இல்லை. சுவிச் இருக்கிறது றேடியேற்றர் அடியில, அங்க சுடுதண்ணி வந்தாத்தானே அது பானைப் போடும்.

சுடுதண்ணியை மறிச்சது தேர்மோஸ்ரற், எஞ்சின் சூடாகும்வரை தண்ணியை றேடியேற்றருக்கு விடாமல் மூடியிருக்கிற வால்வு. கராஜ் அண்ணை அதைக் கழட்டித் தந்திட்டு, "தம்பி, உது குளிர் நாட்டுச் சாமான், எங்கட வெயிலுக்கு என்னத்துக்கு, இல்லாமலே ஓடும்" எண்டார். இதை எத்தினை பேர் சொல்லிக் கேட்டிட்டன். என்ர சினேகிதன் அப்பிடித்தான் ஓடுறான், ஊசி அரைவாசிக்கு வராது, எஞ்சின் இன்னும் குளிரா இருக்கெண்டு கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டி அடிக்கும், அவன் பெற்றோல் விலையை ஏசிக்கொண்டு திரியுறான். சில எஞ்சினில தேர்மோஸ்ரற் திறக்கேக்க பைபாஸ் ஓட்டையையும் மூடும், அது இல்லாட்டி தண்ணியில ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமலே சுத்தி வரும், கண்டிப் பக்கம் ஏத்தம் ஏறேக்க தெரியும் சங்கதி.

நான் அதை வீட்டை கொண்டுபோய் குசினியில சட்டியில தண்ணி வச்சு, நூலில கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்க வச்சன். உள்ளுக்க மெழுகு இருக்கு, சூட்டுக்கு விரிஞ்சு வால்வைத் தள்ளும், என்ர சாமானில 82 எண்டு அடிச்சிருக்கு, அந்தப் பாகையில திறக்கத் தொடங்கவேணும். தண்ணி தளதளவெண்டு கொதிக்குது, இது அசையேல்ல. சுத்திவர வெள்ளைப் பொருக்கு, கேத்தலுக்க படியுமே அதே பொருக்கு. சுண்ணாம்புக்கல் ஊர்க் கிணத்துத் தண்ணியை வருசக்கணக்கா வாத்தா வேற என்ன நடக்கும், பிழை என்னிலதான்.

புதுசையும் போட முதல் அதே சட்டியில போட்டுப் பாத்தன், அழகாத் திறந்துது, ஆற மூடிச்சுது. பூட்டேக்க அதில ஆடுற சின்ன ஊசி மேல் பக்கம் வரவேணும், அதால காத்துப் போகும். புது வாசரும் போட்டு, கூலன்ட் விட்டு, குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்தபடி ஸ்ராட் பண்ணி விட்டன், குமிழி வந்து அடங்க, கீழ் ஹோஸ் சுட, பான் தானாச் சுத்திச்சுது.

அம்மா அந்தச் சட்டியில இனிச் சமைக்கமாட்டன் எண்டிட்டா. அது இப்ப கராஜுக்க நட்டுப் போடுற சட்டி.