மகனுக்கு இதுதான் வெளிநாடு

கனடாவில், ஸ்காபரோவில் 11 வருசம் இருந்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பினோம். எங்களுக்கு இது ஊர். அங்கே பிறந்த எட்டு வயது மகனுக்கு வெளிநாடு. ஓட்டிசம் உள்ள பிள்ளை; சத்தமும் வெளிச்சமும் அவனை வதைக்கும். பேஸ்மென்ற் வீட்டில் அவனுக்கென்று மங்கல் வெளிச்சமும் தடித்த கம்பளமுமாக ஒரு மூலை இருந்தது. அதைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வர முடியுமா?

வந்த வாரமே மாரி தொடங்கிவிட்டது. தகரக் கூரையில் மழை கொட்டினால் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே கேட்காது. காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போனவன் மழை விட்டும் வெளியே வரவில்லை. "பிள்ளை பயந்திட்டான், முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடை" என்றார் அம்மா. உடைத்தோம். பிறகு அவன் படுக்கிற அறைத் தகரத்தின்மேல் கிடுகு பரப்பிக் கட்டினோம். சத்தம் அடங்கியது, வெக்கையும் தணிந்தது.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். சத்தமும் வெளிச்சமும் இப்படி வதைப்பதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடே 2013 இல்தான் ஓட்டிச அறிகுறிகளோடு சேர்த்தது.

அடுத்தது டியூப்லைட். சோக் வைத்த பழைய லைட், நம்முடைய 50 ஹேர்ட்ஸ் கரண்டில் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். கூடவே ஒரு இரைச்சல். எங்கள் கண்ணுக்கும் காதுக்கும் அது பழகிப்போனது. மஞ்சள் எல்இடி பல்ப் மாட்டிய அன்றிரவு அவன் தானாகவே விறாந்தையிலிருந்து உள்ளே வந்தான்.

பின்னேரம் பீத்தோவன் மெட்டோடு பாண் விற்கிற ஆட்டோ வரும். முதலில் அலறினான். ஆட்டோவின் படத்தைக் கீறி, மணிக்கூட்டுக்குக் கீழே ஒட்டினேன். வரப்போவது தெரிந்தால் போதும் அவனுக்கு. இப்போது படலையடியில் காத்து நிற்கிறான்.

சண்டை வந்தது கிணற்றில்தான். கட்டு என் முழங்கால் உயரம். சொல்லாமல் நழுவிப் போவதும், தண்ணீரைக் கண்டால் இழுபடுவதும் இப்படியான பிள்ளைகள் பலரிடம் உண்டு. அப்படி நழுவிப் போய்ச் சாகிற பிள்ளைகளில் அதிகம் பேர் நீரில் மூழ்கித்தான் சாகிறார்கள். "நீங்களெல்லாம் கிணத்தடியில வளரேல்லையோ?" என்று அம்மா கேட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. வெல்டிங்காரரைக் கூப்பிட்டுக் கம்பி மூடி போட்டுப் பூட்டினோம். படலைக்கும் மேலே ஒரு கொளுக்கி.

இப்போது மகன் கம்பி இடைவெளியால் ஒவ்வொரு கல்லாகப் போட்டு, "ளொக்" என்று கேட்கும்வரை தலையைச் சரித்துக்கொண்டு நிற்கிறான். கிணறு தூர்ந்துபோகப்போகுது என்று அம்மா குசினியிலிருந்து கத்துகிறார்.