மண்ணுக்குள்ளால் வந்த தண்ணீர்

நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்த முதல் மாரியில் எனக்கு எல்லாமே ஈரமாகத் தெரிந்தது. மழை, மூடுபனி, காயாத உடுப்பு, வீதிக்கு வீதி கால்வாய். தண்ணீருக்கு மேலே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்று அம்மாவுக்கு ஃபோனில் சொன்னேன். இந்த ஊர்க்காரர்களும் ஒரு காலத்தில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள் என்று தெரியவர எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

முதலில் கிடைத்த வேலை ட சில்க் என்ற ஊர்ப் பக்கம், பூக்கிழங்கு பிரிக்கிற கொட்டகையில். துலிப் பரவாயில்லை. ஹயசிந்த் கிழங்கின் தூசி பட்டால் முழங்கைவரை கடிக்கும், ஊரில் கரணைக்கிழங்கு கடிப்பதுபோல. இரண்டிலும் இருப்பது ஒரே வகை ஊசிப் படிகங்கள் என்று பிறகு அறிந்தேன். எனக்கு எதிரே நின்று வேலை செய்தவர் அறுபது தாண்டிய டச்சு அம்மா. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். என் அம்மாவின் வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. மாதக்கணக்காக எதுவும் சொல்லாமலேயே கதைத்துச் சமாளித்தேன். ஒரு நாள் தேநீர் இடைவேளையில் அவர் கேட்டார்: "சனிக்கிழமை நடக்க வாறியா?"

எங்கே என்று கேட்டேன். எங்கேயும் இல்லை, சும்மா நடக்க என்றார்.

எனக்கு விளங்கவில்லை. நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவள். செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் நடந்துபோகிற அடியார்களைப் பார்த்து வளர்ந்தவள். நடை என்றால் அதற்கு ஒரு போய்ச்சேரும் இடம் இருக்கவேண்டும். காற்றில் மூன்று மணித்தியாலம் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதில் என்ன இருக்கிறது? ஆனாலும் போனேன். மறுத்தால் இன்னொரு முறை ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்ற பயம்தான்.

ஃபோகலென்சாங் ஊருக்குப் பக்கத்து வாசலால் உள்ளே போனோம். இந்த இடத்துக்குப் பெயர் ஆம்ஸ்டர்டாம் வாட்டர்லெய்டிங்டௌனன். ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிநீர் கொடுக்கிற மணற்குன்றுகள் என்று பொருள். சாண்ட்வோர்ட்டுக்கும் நோர்த்வைக்குக்கும் நடுவில் ஏறத்தாழ 3,400 ஹெக்டேர். சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. சைக்கிள் கூடாது, நாய் கூடாது. ஆனால் பாதையை விட்டு இறங்கி எந்தத் திசையிலும் நடக்கலாம். இந்த நாட்டில் அது அபூர்வம். மற்றக் காடுகளில் பெரும்பாலும் பாதையோடுதான் போகவேண்டும். இப்படி மனம்போன போக்கில் அலைவதற்கு அவர்களிடம் தனிச்சொல்லே இருக்கிறது: ஸ்ட்ரௌனன். வகுப்பில் சொல்லித்தராத சொற்களில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான்.

வாசலடியில் காடு. ஓக், பேர்ச், பைன். பைன் மரத்தின் கீழே காலடி மெத்தென்று இருந்தது. காற்று தலைக்கு மேலே இரைந்தது. சவுக்கங்காட்டின் இரைச்சல் அது. கண்ணை மூடினால் மணற்காடு. எங்கள் பக்கத்துக் கடற்கரையில் மணல் குன்று குன்றாகக் குவிந்து, பழைய அந்தோனியார் கோயிலைப் பாதி மூடிக் கிடக்கிற அந்த ஊரை, ஹார்லெமுக்குத் தெற்கே ஒரு பைன் மரத்தடியில் நின்று நினைத்தேன். சிறுவயதில் அங்கே சிரட்டையால் மணலைக் கிண்டுவோம். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறும். குடித்தால் உப்புக் கரிக்காது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, இந்தத் தண்ணீர் எப்படி நல்ல தண்ணீரானது என்று அப்போது நாங்கள் யோசித்ததில்லை.

காடு முடிய முட்புதர். செம்மஞ்சள் பழம் கொத்துக் கொத்தாய்க் காய்க்கிற டௌன்டோர்ன் புதர்கள். புதருக்கு நடுவே, நேராக வெட்டிய நீண்ட வாய்க்கால்கள். நான் அதை ஆறு என்று நினைத்தேன். அந்த அம்மா நின்றார். "இது ரைன்," என்றார்.

அங்கே நின்றபடியே சொன்ன கதை இது. ஆம்ஸ்டர்டாமின் நிலத்தடி நீர் உவர், கால்வாய்களோ சாக்கடையாகிவிட்டன. 1853 டிசம்பரில்தான் இந்த மணற்குன்றுகளிலிருந்து குழாய் வழியே நகர வாசலுக்குத் தண்ணீர் போனது. ஒரு வாளி ஒரு சென்ட். சனம் வரிசையில் நின்று வாங்கியது. மணல், மழைநீரைக் கீழே வாங்கி வைத்திருக்கும். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் கடல்நீரின் மேலே மிதக்கும். நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கீழே நாற்பது மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவர் பாடோன் கைபன் என்ற டச்சு இராணுவப் பொறியியலாளர். ஆம்ஸ்டர்டாமுக்குக் கிட்டக் கிணறு தோண்டுகிற வேலைக்காகத்தான் அவர் அதைப் போட்டார். நகரம் பெருக, நூறு வருடம் அள்ளி அள்ளி, உப்பு மேலே ஏறத் தொடங்கியது. அதனால் 1957 முதல் ரைன் ஆற்று நீரை முன்சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவந்து, இந்த வாய்க்கால்களில் விடுகிறார்கள். அது மணலுக்குள் இறங்கி, இரண்டு மூன்று மாதம் ஊர்ந்து, மறுபக்கத்தில் ஊற்றெடுக்கிறது. அதன் பிறகும் பல படிச் சுத்திகரிப்பு. ஆனால் இந்த நாட்டுக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதையே இதுதான். வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உப்பு நீரின் மேலே மிதக்கிறது. அதைத்தான் துலா போட்டு அள்ளினோம். பிறகு மோட்டர் வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டர் ஓட ஓட எங்கள் கிணறு உப்பேறிச் சவராகிப் போனதை அப்பா மூக்கால் மணந்து, நாக்கால் தொட்டுச் சொன்னது நினைவிருக்கிறது. அதே பிழையை இவர்களும் செய்தார்கள். ஆனால் கைவிடாமல் ஓர் ஆற்றையே இழுத்துவந்து திருத்தினார்கள். இன்னொன்றும் நினைத்தேன். என் அக்கா இருப்பது சுவிஸின் பாசல் நகரில். அவள் வேலைக்குப் போகிற பாலத்தின் கீழே ஓடுவதும் ரைன். அவளைக் கடந்து வந்த தண்ணீருக்குப் பக்கத்தில் நான் நிற்கிறேன்.

அன்றைக்குப் பிறகு மழை என்று ஒரு சனிக்கிழமையும் விட்டதில்லை.

இங்கே அதிகம் கண்ணில் படுவது டாம்ஹெர்ட் என்ற மான். கோடையில் நம் புள்ளிமான் போலவே வெள்ளைப் புள்ளி. கலையின், அதாவது ஆண்மானின், கொம்பு மட்டும் விரித்த உள்ளங்கை போல அகன்றிருக்கும். ஒக்டோபரில் கலைகள் குழி பறித்து, அதில் நின்று தொண்டைக்குள்ளிருந்து உறுமும். மரம் அறுக்கிற வாளின் சத்தம். விடியப் போய், ஈர மணலில் குந்தி இருந்து கேட்கவேண்டும். ஒரு கட்டத்தில் மான்கள் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டன. இரவில் வெளியே வந்து துலிப் வயலை மேய்ந்தன, வாகனங்களில் அடிபட்டன. வேலி போட்டார்கள். உள்ளே பூச்செடிகளை மொட்டையாக்கின. பூ போனால் வண்ணத்துப்பூச்சியும் போகும். 2016 முதல் சுட்டுக் குறைக்கிறார்கள். இதில் ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. மச்ச மாமிசம் புழங்காத வீட்டில் வளர்ந்த எனக்கு முதலில் வயிறு கலங்கியது. வருடா வருடம் அதே பள்ளங்களில் நடந்து, புல்லைத் தவிர ஒன்றும் மிஞ்சாத இடங்களைப் பார்த்த பிறகு, குறைப்பது சரி என்றுதான் சொல்வேன்.

வடக்கே, தென் கென்னமர்லாந்து தேசியப் பூங்காவில் விசென்ட் என்ற ஐரோப்பியக் காட்டெருது இருக்கிறது. 2007இல் கொண்டுவந்து விட்டவை. ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். ஒரே ஒரு முறை, தூரத்தில், ஒரு கபில முதுகைக் கண்டேன். அங்கே கடலோரக் குன்றில் ஐந்து இடத்தில் வேண்டுமென்றே வாய் வெட்டி, மணலை உள்ளே பறக்க விட்டிருக்கிறார்கள். மணல் அசையாவிட்டால் குன்று புதரால் மூடி மூச்சடைத்துப் போகுமாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: நீளக் காற்சட்டை போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பையும் கக்கத்தையும் பாருங்கள். டேக் என்ற உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள். பிள்ளைகளுக்கு முக்கியம்.

போன மே மாதம் அம்மா வந்தா. மூன்று மாத விசா. இப்போது நாங்கள் ஆம்ஸ்டர்டாமின் மேற்குப் பக்கம் இருக்கிறோம். முதல் சனிக்கிழமையே கூட்டிக்கொண்டு போனேன். முட்புதருக்குள் ஒளித்திருந்து நாக்தகால் பாடிக்கொண்டிருந்தது, சிட்டளவு கபிலக் குருவி. மாரியில் குளமாகிற பள்ளங்களில் அப்போதும் தண்ணீர் நின்றது. அம்மா வாய்க்கால் கரைக்குப் போய்ச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தா.

"கால் நனைக்கலாமோ பிள்ளை?"

"இல்லையம்மா, அது குடிக்கிற தண்ணி."

சட்டென்று பின்னுக்கு வந்துவிட்டா. பிறகு கரையிலிருந்து ஒரு பிடி மணலை அள்ளி, விரலிடுக்கால் ஒழுக விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தா.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்துக் குடித்தா.

"அந்த மண்ணுக்குள்ளாலை வந்ததோ இது?"

"ஓம்."

"சவர் இல்லை," என்று சொல்லி, இன்னொரு தம்ளர் பிடித்தா.