விற்காத முப்பது சென்ட்

லே-அவுட் வரைபடத்தை யாராவது என் மேசையில் விரித்தால் என் கண் முதலில் போவது ரோட்டுக்கும் பார்க்குக்கும்தான். மனைகளைப் பற்றி நான் கவலைப்பட வேண்டியதில்லை. வாங்குபவர் வாஸ்து, திசை, கார்னர் பிட்டா, தண்ணீர் எத்தனை அடியில் என்று எல்லாம் விசாரித்துத்தான் அட்வான்ஸ் கொடுப்பார். விற்பனைக்கு இல்லாத இடத்தைப் பற்றித்தான் கேட்க ஆளில்லை. ஒரு மனைப்பிரிவு இருபது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பதே அந்த இடம்தான்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் சின்னதாக ஒரு வரைபட அலுவலகம் வைத்திருக்கிறேன். நிலத்தை அளந்து, லே-அவுட் வரைந்து, டிடிசிபி என்று எல்லோரும் சொல்லும் நகர் ஊரமைப்புத் துறைக்கு ஃபைல் போட்டுக் கொடுப்பது தொழில். சமீபத்தில் ஒரு பெரியவருக்கு வேலை செய்தேன். நாலு ஏக்கர் கடலைக்காடு. பட்டாவில் 1 ஹெக்டேர் 62 ஏர். மூன்று மகன்கள். விவசாயம் பார்க்க ஆளில்லை, மனை பிரித்து விற்று ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு. கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். மொத்தம் 400 சென்ட். ரோட்டுக்கு ஏறக்குறைய 100 சென்ட். மீதி 300. அதில் பத்து சதவீதம் பொது இடம், அதாவது 30 சென்ட்.

பெரியவர் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க அம்மிணி, ரோட்டுக்கே நூறு சென்ட் போகுது. இதுல பார்க்குக்கு முப்பது சென்ட் வேறயா? அதுக்குப் பணமாக் கட்டிட்டு வுட்டுறலாமில்ல?"

"உங்க பூமிக்கு அது முடியாதுங்கய்யா."

விதி இதுதான். 3,000 சதுர மீட்டர் வரைக்கும், அதாவது சுமார் 74 சென்ட் வரைக்கும், பொது இடம் விட வேண்டியதில்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை இடமாகவும் விடலாம், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புப்படி பணமாகவும் கட்டலாம். 10,000-ஐத் தாண்டினால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தை இடமாகத்தான் கொடுக்க வேண்டும். இவருடையது 16,000-க்கு மேல்.

என்னைக் கேட்டால், நடுவில் இருக்கும் அந்தப் பணம் கட்டும் வழியே இருக்கக் கூடாது. ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று பக்கத்துப் பக்கத்தில் பத்து லே-அவுட் வருகிறது. ஒவ்வொருவரும் பணம் கட்டிவிட்டால் இருபது ஏக்கரில் குடியேறும் அத்தனை வீட்டுக்கும் ஒரு மரநிழல் கூட மிஞ்சாது. பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அதே பகுதியில் பிறகு யார் எங்கே இடம் தேடுவது?

சரி, கட்டாயம் விட வேண்டும் என்றதும் பெரியவர் வடமேற்கு மூலையைக் காட்டினார். ஓடையோரம், பள்ளம், கோணலான முக்கோணம், மேலே உயர் அழுத்த மின்கம்பி வேறு போகிறது. மனைக்கு ஆகாததைப் பார்க்குக்குத் தள்ளிவிடுவது எல்லோருக்கும் தோன்றுவதுதான். ஆனால் அங்கே எந்தக் குழந்தை விளையாடப் போகும்? நான் கிணற்றுக்குத் தெற்கே, இரண்டு வேப்பமரம் நிற்கும் இடத்தைச் சொன்னேன். உள்ளே வரும் மெயின் ரோட்டை ஒட்டி, சதுரமாக, எல்லா வீட்டிலிருந்தும் நடந்து வரும் தூரம். அவர் பதில் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மூத்த மருமகள்தான், "நாளைக்கு நம்ம புள்ளைங்களும் அங்கதானுங்க மாமா குடியிருக்கப் போகுது" என்றார். அதற்கப்புறம் பெரியவர் மறுக்கவில்லை.

வரையத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஃபைல்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இதைச் செய்யாததால்தான். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எஃப்எம்பி என்கிற புலப்படம் உண்டு. நிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நேராக ஜி லைன் என்று ஒரு கோடு. அதன் மேல் இன்ன தூரத்தில் செங்குத்தாக இத்தனை மீட்டர் போனால் இந்தக் கல் என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் அளவு எழுதியிருக்கும். காகிதத்தில் அது இருக்க, தரையில் நாம் பார்ப்பது வேலியை. எங்கள் பக்கம் கிளுவை வேலி. அது வருடா வருடம் வெட்ட வெட்டத் தழைக்கும், மெல்ல நகரவும் செய்யும்.

பெரியவர் நிலத்தின் கிழக்கே ஓர் இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி அடைத்த பழைய வண்டித்தடம், கணக்கில் வண்டிப்பாதைப் புறம்போக்கு. சர்வேயர் அளந்து வந்து ஓர் இடத்தில் நின்று, "இங்கே கல் இருக்கணும்" என்றார். மூத்த மகன் கடப்பாரையால் குத்திப் பார்த்தார். மண், மண், அப்புறம் ணங்கென்று ஒரு சத்தம். முழங்கால் ஆழத்தில், வேர் சுற்றிக் கிடந்தது சர்வே கல். வேலி அதைத் தாண்டி நாலடி வெளியே நிற்கிறது! வேலி வரைக்கும் பெரியவர் நிலம் என்று வரைந்திருந்தால் அத்தனை மனையின் அளவும் தப்பாகியிருக்கும். அந்த நாலடியை இட்டேரிக்கே விட்டு வேலியைப் பின்னால் தள்ளினார்கள். லே-அவுட்டுக்கு வரும் வழியே அதுதான் என்பதால் அகலமானது அவர்களுக்கே நல்லது.

மற்ற சான்றுகளை நீட்ட வேண்டாம். நஞ்சையாக இருந்தால் வேளாண்மைத் துறை, நீர்நிலை பக்கத்தில் என்றால் நீர்வளத் துறை, கம்பி போனால் மின்வாரியம், கூடவே வில்லங்கச் சான்று, பட்டா, வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேடு. இப்போது எல்லாம் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றுகிறோம். அலைச்சல் குறைந்திருக்கிறது என்று தாராளமாகச் சொல்வேன்.

முதலில் ரோடு எப்படிப் போகிறது என்பதற்கு ஒப்புதல் கிடைக்கும். அதன்படி தரையில் ரோடு போட்டு, ரோட்டையும் பார்க்கையும் ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் பதிந்து கொடுத்த பிறகுதான் இறுதி ஒப்புதல். தொழில்நுட்ப அனுமதி டிடிசிபி தருவது, முடிவான அனுமதி உள்ளாட்சி தருவது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் டிடிசிபி இடத்தில் சிஎம்டிஏ என்கிற பெருநகர் வளர்ச்சிக் குழுமம்.

தானப் பத்திரம் பதிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. பத்திரம் ஊராட்சி பெயரில் இருக்கும், பட்டா பழைய சொந்தக்காரர் பெயரிலேயே கிடக்கும். பத்து வருடம் போகும். பார்க்கில் சீமைக்கருவேலம் முளைக்கும். பெரியவர் காலமாவார், வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாறும், யாரோ ஒரு தரகர் "இங்கே ஒரு பெரிய பிட் சும்மா கிடக்கிறதே" என்பார். நான் வரைந்து அனுமதி வாங்கிய ஒரு மனைப்பிரிவில் பூங்கா இடத்தில் இப்போது குடோன் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அங்கே வீடு கட்டியவர்கள் மனு மேல் மனு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் பட்டா மாறுதலுக்கும் மனு போடாமல் நான் ஃபைலை மூடுவதில்லை. பெரியவருடைய பார்க்குக்கும் மனு போட்டாகிவிட்டது.

2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த அக்டோபர் 20-ஆம் தேதி, அதே தடையைச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பஞ்சாயத்துத் தலைவர் சீல் குத்திய வரைபடத்தையே அப்ரூவல் என்று காட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். மகள் கல்யாணத்துக்கு என்று சீட்டுப் போட்டு வாங்கிய மனையை விற்க முடியாமல் தவித்தவர்கள் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். 2017-இல் அந்த மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் வந்தது. அது பத்திரச் சிக்கலைத் தீர்த்தது. மனையாக விற்றுப்போன பூங்காவையும், பதினைந்தடியில் போட்ட ரோட்டையும் அதனால் சரிசெய்ய முடியவில்லை. அந்த நகர்களில் இன்றும் தீயணைப்பு வண்டி உள்ளே திரும்ப இடமில்லை.

மனை வாங்கப் போகிறவர்கள் அனுமதி எண்ணைக் கேட்பதோடு நிற்க வேண்டாம். தானப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டால் அந்தப் பத்திரம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு பார்க் இருக்கும் உட்பிரிவு எண்ணுக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறதென்று வருவாய்த் துறை தளத்தில் பாருங்கள். இரண்டும் வீட்டிலிருந்தே பார்க்கக் கூடியவைதான். தனியார் பெயர் வந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே விற்பவரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். கையில் பணம் இருக்கும்போது கேட்டால்தான் காது கொடுப்பார்கள்.