ஆர்.டி. 350: எல்.டி. வண்டிக்கு ஒரு வக்காலத்து

என்னிடம் ஆர்.டி. 350 மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அடுத்த கேள்வி "எச்.டி.யா, எல்.டி.யா?" என்பதுதான். இரண்டில் திறன் குறைந்த எல்.டி. என்று சொன்னதும் "ஓ... பரவாயில்லை" என்பார்கள். அந்தப் பரவாயில்லைக்குத்தான் இந்தப் பதில்.

யமஹா 1973-ல் கொண்டுவந்த ஒரிஜினல் ஆர்.டி. 350 ஏர் கூல்டு டூ ஸ்ட்ரோக் வண்டி. இரண்டு சிலிண்டர், மொத்தம் 347 சி.சி., 7,500 ஆர்.பி.எம்.மில் 39 குதிரைத்திறன். ஜப்பானில் அது 1975-லேயே முடிந்து, அடுத்து ஆர்.டி. 400 வந்துவிட்டது. நமக்கு 1983-ல்தான் கிடைத்தது. ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் அதை ராஜ்தூத் என்ற பெயரில் செய்தபோது, திறனை 30.5 ஆக இறக்கினார்கள். அதுதான் ஹை டார்க் (டார்க் என்றால் முறுக்குவிசை), சுருக்கமாக எச்.டி. அதுவும் பெட்ரோல் குடிக்கிறது என்று ஜனங்கள் முகம் சுளிக்க, 1985 வாக்கில் லோ டார்க், அதாவது எல்.டி. வந்தது. 6,500 ஆர்.பி.எம்.மில் 27.

39-லிருந்து 27. காகிதத்தில் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் காணோம். ஆனால் போர் (சிலிண்டரின் விட்டம்) 64 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 54 மி.மீ., கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வு, ஆறு கியர் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. டூ ஸ்ட்ரோக்கில் புல்லட் மாதிரி வால்வு டைமிங் என்று தனியாக ஒன்று கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் என்ற துளையின் உயரமும் சைலன்சரின் உள் வடிவமும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. எரிந்த புகை வெளியே போகும்போது புதிதாக வந்த பெட்ரோல் கலவையிலும் கொஞ்சம் கூடவே ஓடிவிடும். சைலன்சருக்குள் குறுகும் பகுதியில் அலை மோதித் திரும்பி, ஓடியதை உள்ளே தள்ளும். அது எந்த ஆர்.பி.எம்.மில் சரியாக நடக்கிறதோ, அங்கேதான் வண்டி பாயும். எல்.டி.யில் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பக்கம்தான் கை வைத்தார்கள். பாய்ச்சல் குறைந்தது, எஞ்சின் நிதானமானது.

மயூர் விஹாரிலிருந்து நிஜாமுதீன் பாலம் ஏறி, சராய் காலே கான் நெரிசலில் ஊர்ந்து லோதி ரோடு ஆபீசுக்குப் போகிறவனுக்கு அந்த நிதானம் போதும். பள்ளிக்கூட நண்பனின் எச்.டி.யை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஐயாயிரம் ஆர்.பி.எம்.முக்கு மேல் அது வேறு வண்டி, மறுக்கவில்லை. ஆனால் ரிங் ரோட்டில் அந்த ஐயாயிரத்தைத் தொடுவதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிடும். எல்.டி. கீழேயிருந்தே இழுக்கும், மூன்றாவது கியரிலேயே பாதி டெல்லியைக் கடந்துவிடலாம். அந்தக் காலத்து புல்லட் 350-க்கு 18 குதிரைத்திறன்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

புல்லட் என்றதும் பெரியப்பா ஞாபகம் வருகிறார். கடைசிவரை புல்லட்காரர். புல்லட்டுக்கு அப்போது கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆர்.டி.யில் நேர் எதிர். ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறி, பால் பூத் வளைவில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்தார். இறங்கி வந்து அதைப்பற்றி மூச்சே விடவில்லை. "லிட்டருக்கு எவ்வளவுடா கொடுக்குது?" என்றார். இருபத்தைந்தைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்றேன். "சம்பளத்தை அப்படியே பங்க்ல கட்டிடு" என்றார்.

எச்.டி.யானாலும் எல்.டி.யானாலும் உண்மையான குறை பிரேக்தான். ஒரிஜினலில் முன்பக்கம் டிஸ்க். நமக்கு அதை எடுத்துவிட்டு டிரம் போட்டார்கள். இரண்டு லீடிங் ஷூ உள்ள நல்ல டிரம்தான், காய்ந்திருக்கும்வரை. ஜூலை மழையில் மின்டோ பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால், லீவரைப் பிடித்தாலும் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். லேசாக பிரேக்கைப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டி ஷூவைக் காய வைக்க வேண்டும். 27 குதிரைத்திறனே இந்த பிரேக்குக்கு அதிகம் என்பது என் கட்சி. எச்.டி. அன்பர்கள் சண்டைக்கு வரலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கரோல்பாக் நாய்வாலா சந்தில் மெக்கானிக் உஸ்தாத்திடம் போவேன். பிளக்கில் பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்டை அவர் செட் செய்வதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு பாயிண்ட். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் டயல் கேஜைத் திருகி, பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, கிராங்கைப் பின்னால் திருப்பி, பிறகு மெதுவாக முன்னே கொண்டுவருவார். உச்சிக்குச் சரியாக 2 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். வயரில் கோத்த சின்ன பல்பு அந்த நொடியில் எரியும். கொஞ்சம் முந்தினாலும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, தட்டை நகர்த்தி, மறுபடி முதலிலிருந்து. ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும் எஞ்சின் என்பதால் அடுத்த பக்கத்துக்கும் இதே கூத்து. அப்புறம் இரண்டு கார்புரேட்டர். ஏர் ஃபில்டரைக் கழற்றி, இரண்டு வாயிலும் விரல் விட்டு, ஆக்சிலரேட்டரைத் திருகும்போது இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார். "ரெண்டும் ஒரே பந்தியில சாப்பிடணும், பாபுஜி. ஒருத்தன் பசியோட எழுந்தா வீடு உருப்படாது" என்று ஹிந்தியில் சொல்லுவார்.

கிராங்கின் இரு முனையிலும் கசிவைத் தடுக்கும் ஆயில் சீல் பற்றி அவர் சொன்னதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் கிளட்ச் பக்கம். அந்த சீல் போனால் கியர் ஆயில் எஞ்சினுக்குள் போய் வெள்ளைப் புகை கக்கும். இடது பக்கம் போனால் புகையே வராது, காற்றை இழுக்கும். கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும். புகைக்கிற வண்டியைவிட சத்தமில்லாமல் சூடாகிற வண்டிக்குத்தான் பயப்பட வேண்டும். (டிசம்பர் டெல்லியில் எது யாருடைய புகை என்று கண்டுபிடிப்பது வேறு விஷயம்.)

வண்டி இப்போது டெல்லியில் இல்லை. பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டி இங்கே ஓடக்கூடாது என்று 2014-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. விண்டேஜ் என்று பதிவு செய்யலாமா என்றால், 2021 விதிப்படி அதற்கு ஐம்பது வயது ஆக வேண்டும். என்னுடையது 1988 மாடல். ஆகவே என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, டேங்கைக் காலி செய்து, சாக்கு சுற்றி, ரயில் பார்சலில் திருச்சி மச்சானுக்கு அனுப்பிவிட்டேன்.

போன வாரம் மச்சான் போன் செய்தான். "மாமா, வலது சைலன்சர்ல மட்டும் வெள்ளையா புகை." கியர் ஆயில் அளவைப் பார்க்கச் சொன்னேன். நிறையவே குறைந்திருந்ததாம். சனிக்கிழமை கரோல்பாக் போய் இரண்டு பக்கத்துக்குமே சீல் வாங்கி கூரியரில் போட்டிருக்கிறேன்.