கீபோர்டு ரெக்கார்ட் பண்ண மைக் எதுக்குடா தம்பி?

தாராவி 90 அடி ரோட்டுல எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு தம்பி இருக்கான், சர்ச்ல கீபோர்டு வாசிக்கிறவன். நல்லாவே வாசிப்பான், ஆனா அவன் வாட்ஸ்அப்ல அனுப்புற பாட்டுல அவன் வாசிப்பை விட பக்கத்து வீட்டு குக்கர் விசில்தான் சுருதி சுத்தமா கேக்கும். போனை ஸ்பீக்கர் முன்னாடி வச்சு ரெக்கார்ட் பண்ணா வேற என்ன வரும். "அண்ணே, ஒரு நல்ல மைக் சொல்லுங்கண்ணே"ன்னு வந்தான், மைக்கே வேணாம்டான்னேன், நம்பவே மாட்டேங்குறான்.

கீபோர்டை திருப்பிப் பார்த்தா பின்னாடி சதுரமா ஒரு யூஎஸ்பி ஓட்டை. பிரிண்டருக்குப் போடுற அதே கேபிள்தான், எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற லாமிங்டன் ரோட்டுல போய் கேட்டா கிடைச்சிரும். இது வழியா போறது மிடி, அதாவது சத்தமே போகாது, எந்தக் கட்டையை அமுக்குன, எவ்ளோ வேகமா அமுக்குன, எப்போ கையை எடுத்த, இந்த மாதிரி தகவல் மட்டும்தான். நடு சி கட்டைக்கு நம்பர் 60, அமுக்குற வேகம் 1லேர்ந்து 127 வரைக்கும். 1983ல வந்த ஏற்பாடு இது, இன்னைக்கும் அதேதான் ஓடுது. அதனால கீழ டெம்போக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே நின்னாலும் ஃபைல்ல ஒண்ணும் ஏறாது, பியானோல வாசிச்சதை அப்புறமா உக்காந்து வயலினா மாத்திக்கலாம், தப்பா விழுந்த கட்டையை மட்டும் மௌஸால இழுத்து விட்டுக்கலாம்.

ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேருக்கு ரீப்பர் போட்டுக் குடுத்தேன், 60 நாள் ஓசியா பாக்கலாம். மேக் வச்சிருக்கவங்க கராஜ்பேண்டோட நிறுத்திக்கலாம், ஆரம்பத்துக்கு அது தாராளம்.

அடுத்த நிமிஷமே "அண்ணே கட்டையை அமுக்குனா சத்தம் லேட்டா வருதுண்ணே"ன்னான். பாத்தா காதுல ப்ளூடூத் ஹெட்போன்! அதைக் கழட்டி வயர் ஹெட்போன் மாட்டச் சொன்னேன், பாதி சரியாச்சு. மீதி பஃபர்ல இருந்துச்சு, அதாவது கம்ப்யூட்டர் சத்தத்தை வெளிய விடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் சேத்து வைக்கிற அளவு. சாம்பிள் ரேட் செகண்டுக்கு 44,100ன்னு இருக்கும்போது பஃபர் 1024 சாம்பிள் இருந்தா அதுக்கே 23 மில்லிசெகண்ட் போயிரும், 256க்கு இறக்குனா 6 தான். ரொம்ப இறக்குனா லேப்டாப் திணறி டிக் டிக்னு சத்தம் வரும், அதனால வாசிக்கும்போது கம்மி, மிக்ஸ் பண்ணும்போது ஜாஸ்தி. விண்டோஸ்னா இந்த லேட்டைக் குறைக்கிற ஏசியோ டிரைவர் இல்லாம இந்த வேலைல இறங்காதீங்க. சத்தம் ரெண்டு ரெண்டா கேட்டா கீபோர்டு மெனுல லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் பண்ணணும், இல்லன்னா கீபோர்டு ஒரு தடவை, கம்ப்யூட்டர் ஒரு தடவைன்னு ரெண்டும் சேந்து பாடும்.

மிடில ஒரு குறை உண்டு, கீபோர்டுக்குள்ள இருக்க தபேலா, சித்தார் டோன் எல்லாம் கம்ப்யூட்டருக்கு வராது. அந்த டோன்தான் வேணும்னா ஹெட்போன் ஓட்டைலேர்ந்து ஆடியோ இன்டர்ஃபேஸ்னு சத்தத்தை கம்ப்யூட்டருக்குள்ள ஏத்துற பெட்டி ஒண்ணு இருக்கு, அதோட லைன் இன்புட்டுக்கு இழுக்கணும். லேப்டாப் மைக் ஓட்டைல மட்டும் சொருகாதீங்க, அது மைக்கோட சின்ன சிக்னலுக்குன்னு இருக்கறது, கரகரன்னு உடையும். நான் எப்பவும் மிடி ஒரு டிராக், ஆடியோ ஒரு டிராக்னு ரெண்டையும் சேத்தே எடுத்துருவேன்.

அப்புறம் இந்த குவான்டைஸ், முன்னப்பின்ன விழுந்த நோட்டை தாளக் கட்டத்துக்கு நேரா இழுத்து வைக்கிறது. பய அதைக் கண்டுபிடிச்சதும் எல்லா நோட்டையும் நூறு பர்சன்ட் கட்டத்துக்குள்ள தள்ளிட்டான், கீர்த்தனை ரிங்டோன் ஆயிருச்சு. 50, 60 பர்சன்ட் போதும்டா, மெலடியைத் தொடவே தொடாத, டிரம்ஸ், பேஸுக்கு மட்டும் போடுன்னேன். கமகத்துக்கு அவன் வீலை சுத்துறான்ல, அந்த பிட்ச் பெண்டும் மிடில ஏறும், 0லேர்ந்து 16,383 வரை, நடு 8192, அதனால இழைப்பு நல்லா வழவழன்னே பதியும். ஆனா கம்ப்யூட்டர் டோன்ல பெண்ட் ரேஞ்ச், அதாவது வீலை முழுசா சுத்துனா எத்தனை அரைச்சுரம் நகரும்ங்கறது, கீபோர்டுல இருக்கறதோட ஒத்துப்போகணும். இவன் கீபோர்டுல பன்னெண்டு வச்சிருக்கான், அங்க ரெண்டு இருந்துச்சு, மேல் ஸ்தாயிக்கு இழுத்த இழுப்பு பக்கத்து சுரத்துலயே முட்டிக்கிட்டு நின்னுது. ரெண்டு பக்கமும் பன்னெண்டுன்னு வச்சதும் சரியாப் போச்சு.

இப்போ பேஸ் கிட்டாரும் நானே வாசிக்கவா அண்ணேன்னு கேக்குறான்.