முனியாண்டிக்கு ஒரு பாட்டில்

ஜூன் 3

ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீசில் 30ஆம் தேதி என்றுதான் இருக்கிறது. மூன்று முறை படித்துவிட்டேன். அம்மா அதை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறாள். டின் ஆடாமல் நிற்கிறதாம்.

ஜூன் 6

விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியாது. டப்ளினில் மகளின் பட்டமளிப்பு 10ஆம் தேதி. “ஒரு வாரம்தானே, அதற்குள் யார் வந்து இடிக்கப் போகிறார்கள்?” என்கிறார் அவர். இடிப்பதற்கு அரை நாள் போதும். பக்கத்துத் தோட்டத்தில் பார்த்தோமே.

மலேசியாவின் பீடோங்கிலிருந்து பஸ் ஏறுவதற்கு முன் லயத்துக்குப் போனேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: முனியாண்டிக்கு ஒரு பாட்டில். “அது பிறந்த ஊருக்கே போகிறாய் அல்லவா?” ஆடிப் படையலில் சுருட்டோடு கறுப்புத் தண்ணியும் உண்டு. கின்னஸ் பீர்தான். நாய்த்தலை படம் போட்ட பாட்டில் வந்த காலத்திலிருந்தே அவளுக்கு அது கறுப்புத் தண்ணிதான். தாத்தாவோ 1947இல் இங்கே கள்ளுக்கடைக்கு எதிராகக் கிளம்பிய தொண்டர் படையில் நின்றவர். முனியாண்டிக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தார் போலும். கேட்டதில்லை.

ஜூன் 8

டப்ளின். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். ஊரில் விடிகாலை ஐந்து. தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு எழுந்த பழக்கம், அம்மா விழித்துத்தான் இருப்பாள். போனை எடுக்கவில்லை.

ஜூன் 10

மகள் பட்டம் வாங்கிவிட்டாள். அழுதேன். போன் எடுக்கவில்லை.

ஜூன் 11

கின்னஸ் ஆலையைப் பார்க்க வர மாட்டேன் என்றுதான் சொன்னேன். அப்பா சம்சுச் சாராயம் குடித்தே போனவர். மகள் கேட்காமல் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள். பாட்டி கேட்ட பாட்டிலை அங்கேயே வாங்கலாம் என்று ஒரு சாக்கு.

ஏழு மாடி. பீரை நொதிக்க வைக்க 1904இல் கட்டிய கட்டடம். 2000 முதல் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். எல்லோரும் குனிந்து தரையைப் பார்க்கிறார்களே என்று பார்த்தால், கண்ணாடிக்குக் கீழே ஒரு காகிதம். குத்தகைப் பத்திரம். 1759 டிசம்பர் 31. ஆர்தர் கின்னஸ் என்பவர் மார்க் ரெயின்ஸ்ஃபோர்டிடமிருந்து நான்கு ஏக்கரை எடுத்திருக்கிறார். ஆண்டுக்கு 45 பவுண்டு. 9,000 ஆண்டுக்கு. வழிகாட்டிப் பெண் இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் தினமும் சிரிப்பு வரும் போலிருக்கிறது, பேச்சை நிறுத்திக் காத்திருந்தாள். நான் கூட்டிப் பார்த்தேன். 10759. அம்மாவுக்கு 30ஆம் தேதி.

கூட்டம் அதன் மேலேயே நடந்து போயிற்று. நான் சுற்றிக்கொண்டு போனேன். எழுத்தை மிதிக்கக் கால் வரவில்லை.

பின்னாளில் அந்த நிலத்தை நிறுவனமே விலைக்கு வாங்கிவிட்டதாம். கையில் 9,000 ஆண்டு இருந்தும் அவர்களே நம்பவில்லை பாருங்கள்.

பார்லியை 232 பாகையில் வறுக்கிறார்கள். காப்பிக்கொட்டை தீய்ந்த வாசம் என்றாள் மகள். எனக்கு அது ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் கொட்டகை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ருசி பார்க்கும் அறை. சின்னக் கோப்பை. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள் வழிகாட்டி. கறுப்பே இல்லை. அடியோரத்தில் மாதுளை முத்தின் சிவப்பு. இத்தனை ஆண்டும் கறுப்பு என்றே சொல்லியிருக்கிறோம். மேலே ஏற வேண்டிய குமிழிகள் கண்ணாடி ஓரமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. முழங்கையை உயர்த்தி, நுரையைக் கடந்து அடியில் இருப்பதைக் குடிக்க வேண்டுமாம். குடித்தேன். 52 வயதில் முதல் முறை. முதல் முறை இல்லை என்பாள் அம்மா. நான் பிறந்த பச்சை உடம்புக்கு முட்டை அடித்துக் கலந்து கொடுத்தார்களாம், பாலில் எனக்கும் வந்திருக்கும்.

கசப்பு. பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

“மலேசியாவில் நம் சுங்கைவே ஆலையில் காய்ச்சுவது இதைவிடக் காட்டம்” என்றார் அவர். இங்கே 4.2 சதவீதம்தான். இதற்காகவா இவ்வளவு தூரம் என்று முகத்தில் எழுதியிருந்தது. மேல்மாடியில் ஊர் முழுவதும் தெரிந்ததாம். நான் அம்மாவை அழைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12

எடுத்தாள். “கோழிக்குத் தீனி போடுகிறேன், பிறகு பேசு.” வைத்துவிட்டாள்.

ஜூன் 15

பாட்டிலைப் பட்டுப் புடவைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். வழியெல்லாம் அது உடைந்துவிட்டதாகவே நினைப்பு. உடையவில்லை.

ஜூன் 18

லயத்தில் இருபது வீடு. நான்கில்தான் விளக்கு எரிகிறது. காலியான வீடுகளின் கதவுகளைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அம்மா பாட்டிலை வாங்கி, மூடியைத் தடவிப் பார்த்து, அரிசி டின் பக்கத்தில் வைத்தாள். எப்படி இருந்தது என்று கேட்டாள். கறுப்பு இல்லையாம் அம்மா, சிவப்பாம் என்றேன். “எனக்குத் தெரியாதா?” என்றாள்.

ஜூன் 21

கைரேகை வைத்துவிட்டாளாம். நாங்கள் டப்ளினில் இருந்தபோதே. போன் எடுக்காத அன்று.

ஜூன் 22

யாரோடும் பேசவில்லை.

ஜூன் 26

ஆடிக்கு இன்னும் மூன்று வாரம். அதற்குள் கோயிலும் இருக்காது, மரமும் இருக்காது, இப்போதே படைத்துவிடலாம் என்றேன். “ஆடிக்குத்தான் படையல். அவசரத்துக்கெல்லாம் சாமி குடிக்காது.” பிறகு எங்கே போய்ப் படைப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூன் 29

கோழிகளை இருட்டிய பிறகுதான் பிடிக்க வேண்டுமாம். கூண்டு இரண்டு வாங்க வேண்டும்.