ஐப்பசி மழையில் ஆத்தங்குடி வழுக்கும்

மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வேன் பிடித்து வருகிற கூட்டத்துக்கு, காரைக்குடியை நெருங்கும்போது தூறல் விழுந்தால் போதும், முகம் தொங்கிவிடும். "இன்னைக்குன்னு பார்த்தா பெய்யணும்?" என்று பின்சீட்டுப் பெரியம்மா ஆரம்பிப்பார். வீடு பார்க்கத்தானே வந்தார்கள்? வெயிலில் பார்க்கிற செட்டிநாட்டு வீடு நிறுத்திவைத்த வண்டி மாதிரி. மழை பெய்தால்தான் அது ஓடுவதைப் பார்க்க முடியும்.

வளவை, அதாவது வீட்டு நடுவிலிருக்கும் முற்றக் கட்டைச் சுற்றி நாலு பக்க ஓடும் உள்முகமாகத்தான் சரிந்திருக்கும். வறண்ட பூமி; பெய்கிற கொஞ்சத்தையும் தெருவுக்கு விட மனசில்லாமல் கட்டிய வீடு. ஓட்டில் விழுந்த தண்ணீர் தகரத் தூம்புக்கு வந்து, மூலையில் வைத்த அண்டாவில் கொட்டும். மழை தொடங்கியதுமே அண்டாவை வைத்துவிடக் கூடாது. முதலில் வருவது காக்கை எச்சமும் வேப்பஞ்சருகும் கரைந்த கஷாயம். ஓடு கழுவி, தண்ணீர் தெளிந்த பிறகுதான் பிடிக்க வேண்டும். அண்டா நிரம்பி வழிவது முற்றத்து மூலை ஓட்டை வழியாக வெளியேறும். அந்த ஓட்டையில் நாலு சருகு அடைத்தால் போதும், அரை மணியில் முற்றம் குளமாகிவிடும். அப்போது ஆச்சி துடைப்பக்குச்சியோடு இறங்குவார். சுற்றி நிற்கிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஒருவரும் இறங்க மாட்டார்கள்.

முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முகப்பு நிலையின் நடுவில் நின்றால், அடுத்தடுத்த முற்றங்களில் மழை விழுவதை ஒரே பார்வையில் பார்க்கலாம். அந்த இடத்துக்குத்தான் அடிதடி. போட்டோ எடுக்கிறவர் ஒருவர் அங்கே நின்றுகொண்டால், பின்னால் இருக்கிற பதினைந்து பேரும் தூண் எண்ண வேண்டியதுதான்.

தகராறு எல்லாம் தரையில். பார்வையாளரை அனுமதிக்கிற வீடுகளில் வாசலில் ஒரு காவல்கார அண்ணன் உட்கார்ந்திருப்பார். "தம்பி, குடைய வெளியில வச்சுட்டு, கால நல்லாத் தொடச்சுட்டு வாங்க. போன வாரம் ஒருத்தரு முகப்புலேர்ந்து வளவு வரைக்கும் நடக்காமலே போய்ச் சேர்ந்துட்டாரு." சிரித்துக்கொண்டே சொல்வார், விஷயம் நிஜம்.

இந்தத் தரையில் பதித்திருப்பது பக்கத்து ஊரான ஆத்தங்குடியின் பூக்கல். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வார்க்கிறார்கள். கண்ணாடியில் பூ அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் செய்வார்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் ஊற வேண்டும். இறுகியதும் கண்ணாடியைப் பிரித்தால், அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். மினுக்கம் வந்த வழியிலேயே வழுக்கலும் வந்துவிட்டது. போதாக்குறைக்குப் பல வீடுகளில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். வெறுங்காலோடு, பாதம் முழுக்கப் பதித்து, சின்ன அடியாக வையுங்கள். ஈரமான நைலான் காலுறையோடு நடக்கவே கூடாது.

செருப்பு விஷயத்தில் எல்லோரும் ஏமாறுவார்கள். திண்ணைப் படியின் ஓரத்தில் வரிசையாக, அழகாகக் கழற்றி விடுவார்கள். ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது சரியாக அந்த வரிசையில்தான். சுவரை ஒட்டிக் கவிழ்த்து வைத்தால் தப்பிக்கலாம். நனைந்த முதுகோடு சுவரில் சாய்வதும் வேண்டாம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்துப் பளபளப்பாக்கிய பூச்சு அது. உங்கள் சட்டைச் சாயம் அதற்குத் தேவையில்லை.

படங்களுக்கு வருவோம். இந்த ஊருக்குத் தனியாகப் படக்கூடம் எதற்கு? சுவர் முழுக்க ரவிவர்மா. அவர் 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம்தான் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்தப் பக்கத்தில் சில படங்களில் அம்மனின் சேலைக்கு மேல் நிஜத் துணியும் ஜரிகையும் ஒட்டியிருப்பார்கள். மேகமூட்டத்தில் உள்ளே வெளிச்சம் குறையும், கரண்டும் போகும், உடனே பத்து செல்போன் டார்ச் எரியும். சட்டத்துக் கண்ணாடியில் நேராக அடித்தால் லட்சுமி தெரிய மாட்டாள், உங்கள் மூக்குதான் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஜரிகை தனியாக எழுந்து நிற்கும். கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் கோத்த படத்தைக் கண்டால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஈரம் ஏறிய பசைக்குப் பூச்சி தேடி வரும்.

காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டைத் தெருவில் நின்றுதான் பார்க்க வேண்டும். குடைக்குக் கீழே எண்ண ஆரம்பித்தவர் யாரும் முடித்ததில்லை.

மழை வலுத்தால் கால் தானாக முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகும். பழம்பொருள் கடைக்காரருக்கு மழைக்கு ஒதுங்குகிறவரின் முகம் தெரியும். "உள்ள வாங்கண்ணே, சும்மா பாருங்க" என்பார். சும்மா பார்த்தவர் கையில் இனாமல் தூக்குவாளியோடு வெளியே வருவார். வாங்கத்தான் போகிறோம் என்றால் விளிம்பையும் கைப்பிடி ஒட்டும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். பட்டறையில் ஆத்தங்குடிக் கல் வாங்கினாலும், ஈரத்தோடு நிறத்தை முடிவு செய்யாதீர்கள். நனைந்த சிவப்பு ஆழமாகத் தெரியும். வீட்டுக்கு வந்து காய்ந்ததும் வெளிறி நிற்கும். காய்ந்த கல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இதற்குப் பிறகும் வெளிச்சம் மிச்சமிருந்தால் தேவாலயம். மானாமதுரைப் பக்கம் இடைக்காட்டூரில் 1894இல் எழுந்த திருஇருதய ஆலயம் ஒன்று. பிரான்சின் ரீம்ஸ் பேராலயச் சாயலில் கட்டியது. வண்ணக் கண்ணாடிக்கு வெயில் வேண்டும் என்பதால், மேகம் கலையும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். இன்னொன்று ஓரியூர். தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போகலாம். போர்ச்சுகலிலிருந்து வந்த பாதிரியார் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம். இரண்டும் காரைக்குடிக்கு வெவ்வேறு திசை. ஒரே மழைநாளில் இரண்டையும் போட்டால் டிரைவர் அண்ணன் டீக்குடிக்கப் போனவர் திரும்பி வர மாட்டார்.

ஓரியூரில் மண் சிவப்பு. அருளானந்தரின் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பது நம்பிக்கை. பக்தர்கள் ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்துப் போவார்கள். மழை நாளில் ஈர மண் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு கைப்பைக்குள் கொட்டும், சின்ன டப்பா எடுத்துப் போங்கள். வண்டியில் ஏறுமுன் கால் கழுவ ஒரு குடம் தண்ணீரும் தயாராக இருக்கட்டும். வாடகை வேனாக இருந்தால் இரண்டு குடம்.